டிராக்கோடு கிட்டார் வாசிக்கும்போது பேஸ் குமுறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சின்ன வரவேற்பு, காதுகுத்து, கோயில் விழா என்றால் ஒரு கிட்டார், ஒன்றிரண்டு குரல், போனிலோ லேப்டாப்பிலோ ஓடும் மைனஸ் ஒன் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) என்று கச்சேரியை நடத்திவிடுகிறார்கள். அப்படி வாசிக்கிற தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பேஸ் பொம்முன்னு நிக்குதுண்ணே, கிட்டார் கேக்கவே மாட்டேங்குது. என்ன வாங்கணும்?"

பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டாம். டிராக்கில் ஏற்கெனவே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கின்றன. உங்கள் கிட்டாரின் தடித்த தந்திகளும் அதே இடத்தில் போய் உட்காருகின்றன. அறையும் ஸ்பீக்கர் பாக்ஸும் சேர்ந்து அதை இன்னும் ஊதிவிடுகின்றன. அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியானாலும் இந்த வரிசையிலேயே போங்கள்: முதலில் வாசிக்கும் கை, அப்புறம் பாக்ஸ் இருக்கும் இடம், அப்புறம் மிக்சர் நாப், கடைசியில்தான் பணம்.

## முதலில்: குமுறுவது யார்?

மிக்சரில் எல்லா ஈக்யூ நாபையும் (லோ, மிட், ஹை என்று இருப்பவை) நடுவில் வையுங்கள். எக்கோ, ரிவர்ப் இரண்டையும் அணையுங்கள். கச்சேரியில் வைக்கும் சத்தத்துக்கே ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெதுவாக வைத்தால் பேஸ் காதுக்குக் குறைவாகத்தான் கேட்கும். இனி நான்கு முறை கேளுங்கள்.

- டிராக் மட்டும் ஓடட்டும். இதிலேயே குமுறினால் ‘டிராக் மட்டும் குமுறுகிறது’ பகுதிக்குப் போங்கள். பேஸே இல்லாமல் சப்பென்று இருந்தால் அதற்கும் தனிப் பகுதி உண்டு.
- கிட்டார் மட்டும். ஆறாம் தந்தி, ஐந்தாம் தந்தி இரண்டிலும் திறந்த தந்தியில் தொடங்கி ஐந்தாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் துள்ளினால் குறித்துக்கொள்ளுங்கள்.
- இரண்டும் சேர்ந்து. இப்போதுதான் குழம்புகிறது என்றால் அடுத்த பகுதியே உங்களுக்கானது.
- எதுவும் வாசிக்காமல், ஃபேடர்கள் (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்குபவை) மட்டும் ஏறிய நிலையில். அப்போதும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் அது பேஸ் பிரச்சினை இல்லை, கரண்ட் பிரச்சினை.

கேட்கும்போது ஒரே இடத்தில் நிற்காதீர்கள். அறையின் நடு, சுவரோரம், மூலை மூன்றிலும் நின்று பாருங்கள். இடத்துக்கு இடம் பெரிதாக மாறினால் குற்றவாளி அறை.

## தனித்தனியே நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் குழம்புகிறது

அதிகம் பேருக்கு இருப்பது இதுதான், அதிகம் பேர் தவறான இடத்தில் தேடுவதும் இதில்தான்.

### கை

கிட்டாரின் ஆறாம் தந்தி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ், ஐந்தாம் தந்தி 110. பேஸ் கிட்டார் 41-இல் தொடங்கினாலும் அதன் சத்தத்தில் பெரும்பங்கு இந்த 80 முதல் 160 வரையிலும் வந்து விழும். டிராக்கில் அடிச்சுரத்தைப் பேஸ் கிட்டார் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் ஜி கார்டை ஆறு தந்தியிலும் அடித்தால் ஒரே சுரம் இரண்டு முறை வருகிறது. அதுதான் மூட்டமாகக் கேட்கிறது.

சோதனை சுலபம். அதே பாட்டு, அதே சத்தம், கட்டைவிரலால் மேலே உள்ள இரண்டு தடித்த தந்திகளை அமுக்கிக்கொண்டு மீதி நாலு தந்தியில் மட்டும் அடியுங்கள். மூட்டம் உடனே விலகினால் காரணம் இங்கேதான். வேறெதையும் தொடாமல் வாசிப்பை மாற்றினாலே போதும்.

எப்படி மாற்றுவது? கீழ் நாலு தந்தியில் சின்ன கார்டு வடிவங்களாகப் பிடியுங்கள். இல்லையென்றால் கேப்போ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாத் தந்தியையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். ஜி சுருதிப் பாட்டுக்கு ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ வைத்து டி வடிவம் பிடித்தால் அதே ஜி கார்டு வரும். அதில் நீங்கள் தொடும் மிகத் தாழ்ந்த சுரமே 196 ஹெர்ட்ஸ்தான். டிராக்கின் பேஸ் கீழே தன் வேலையைப் பார்க்கும், உங்கள் கிட்டார் மேலே தெளிவாக நிற்கும். தனியாகக் கேட்டால் ஒல்லியாகத்தான் தோன்றும். அதற்காகக் கவலைப்படாதீர்கள், மண்டபத்தில் யாரும் அதைத் தனியாகக் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஒரு மாற்றத்தைப் போலப் பலன் தருவது வேறெதுவும் இல்லை. கஷ்டம் என்னவென்றால், வீட்டில் தனியாகவே வாசித்துப் பழகிய கை ஆறு தந்தியையும் தேடிக்கொண்டே இருக்கும். டிராக்கோடு சேர்த்தே பயிற்சி செய்தால்தான் அந்தப் பழக்கம் மாறும்.

### லோ கட்

கிட்டார் சேனலில் லோ கட் பட்டன் (தாழ்ந்த சத்தங்களை வெட்டிவிடுவது) இருந்தால் அழுத்துங்கள். மிக்சருக்கு மிக்சர் அது 75, 80, 100 ஹெர்ட்ஸ் என்று மாறும். கை தட்டும் சத்தம், மேடை அதிர்வு எல்லாம் இதில் போய்விடும். ஆனால் 80-இல் வெட்டினால் கிட்டாரின் சொந்தச் சுரங்கள் அப்படியேதான் இருக்கும். ஏற்றி இறக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மிக்சர் என்றால் டிராக்கை ஓடவிட்டு, வாசித்துக்கொண்டே 80-இலிருந்து மெல்ல மேலே கொண்டு போங்கள். கிட்டார் மெலிந்துபோகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திச் சற்றுப் பின்னால் வாருங்கள். டிராக்கோடு வாசிக்கும்போது அது 120, 150 என்று நிற்பது சகஜம். அந்த வசதி இல்லாத சின்ன மிக்சரில் லோ நாபைக் கடிகாரத்தின் 9 மணி முள் நிற்கும் பக்கம் வரை இறக்குங்கள்.

### 200 ஹெர்ட்ஸ் பக்கம்

லோ கட் போட்டும் கொழகொழவென்று இருந்தால் அது இன்னும் மேலே, 160 முதல் 250 வரை உட்கார்ந்திருக்கும். பல மிக்சர்களில் மிட் நாபுக்குப் பக்கத்தில் எந்த இடத்தைப் பிடிப்பது என்று சொல்லும் இன்னொரு நாப் இருக்கும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, அந்த இரண்டாவது நாபை 100-இலிருந்து 400 வரை மெதுவாகத் திருப்புங்கள். எங்கே மிக மோசமாகக் கேட்கிறதோ அதே இடத்தில் மிட்டை 3 முதல் 5 டெசிபல் இறக்குங்கள். அதற்கு மேல் வெட்டினால் கிட்டார் தகர டப்பா மாதிரி ஆகிவிடும்.

### பேஸ் பாக்ஸுக்கு யார் போகிறார்கள்?

மண்டபத்து செட்டில் தனி பேஸ் பாக்ஸ் இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். கிட்டாரும் மைக்கும் பேஸ் பாக்ஸுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. மிக்சரின் அக்ஸ் (வேண்டிய சேனலை மட்டும் தனியாக அனுப்பும் அவுட்புட்) வழியாகப் பேஸ் பாக்ஸை ஓட்டினால் டிராக்கை மட்டும் அதற்கு அனுப்பலாம். சவுண்டுக்காரரிடம் இதை வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். "அண்ணே, கிட்டாருக்கு பேஸ் வேணாம்ணே, லோ கட் போட்டு விட்டுருங்க. பேஸ் பாக்ஸுக்கு டிராக் மட்டும் போகட்டும்" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். பாட்டு நடுவே மேடையிலிருந்து கையைக் காட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது.

### லெவல்

கிட்டார் கேட்கவில்லை என்று கிட்டாரை ஏற்றாதீர்கள், டிராக்கை இறக்குங்கள். முதலில் குரலையும் கிட்டாரையும் வைத்துக்கொண்டு, அடியில் டிராக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள்.

### மல்டி எஃபெக்ட்ஸ் வழியாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தால்

கேபினெட் சிமுலேஷன் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலக் காட்டும் எஃபெக்ட்) போட்ட பேட்சை, அதாவது சேமித்து வைத்த செட்டிங்கை, மறுபடியும் கிட்டார் ஆம்புக்குள் கொடுத்தால் இரண்டு பெட்டி வழியாக வந்த மாதிரி மங்கிக் குமுறும். கிட்டார் ஆம்புக்குப் போனால் அதை அணையுங்கள், மிக்சருக்குப் போனால் போடுங்கள். போட்டபின் அதே பிளாக்கில் லோ கட் இருக்கும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். வீட்டில் ஹெட்போனில் தனியாக உருவாக்கிய பேட்ச் எல்லாவற்றிலும் பேஸ் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

## ஒன்றிரண்டு சுரம் மட்டும் துள்ளுகிறது

இதில் குற்றவாளி கிட்டாரா அறையா என்று பிரிக்க வேண்டும். மிக்சரில் ஹெட்போன் மாட்டிப் பாக்ஸை அணைத்துவிட்டு அதே சுரங்களை வாசியுங்கள்.

### ஹெட்போனிலும் துள்ளினால் கிட்டார்

பெரிய உடம்புள்ள அக்கூஸ்டிக் கிட்டாரில் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி, அதற்கடுத்த ஜி ஷார்ப், திறந்த ஐந்தாம் தந்தியின் ஏ இவைதான் வழக்கமாக மாட்டும். பார்க்க வேண்டிய வரிசை இது.

தந்தி பழசா? நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டுத் தந்தி சீக்கிரம் மங்கிவிடும். மேல் சத்தம் போனால் பேஸ் மட்டும் மிஞ்சி நிற்கும். முதலில் தந்தியை மாற்றுங்கள்.

கிட்டாரின் பக்கவாட்டில் உள்ள பிரீஆம்பில் ஃபேஸ் பட்டன் இருந்தால் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிலையில் ஒன்று அடங்கலாக இருக்கும். நாட்ச் நாப் (ஒரு சின்ன இடத்தை மட்டும் வெட்டுவது) இருந்தால் துள்ளும் சுரத்தைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே திருப்புங்கள், அது சட்டென்று அடங்கும் இடத்தில் விடுங்கள்.

அடுத்தது கிட்டார் வாய்க்குப் போடும் ரப்பர் மூடி. சின்னச் செலவு, பெரிய மாற்றம். ஆன்லைனில் வாங்கும்போது வாயின் விட்டத்தை அளந்து வாங்குங்கள், 10 சென்டிமீட்டர் என்பது பரவலான அளவு என்றாலும் எல்லாக் கிட்டாரும் ஒன்றில்லை.

ஒரு சுரம் துள்ளாமல் ஒரு தந்தி முழுக்க, எந்த ஃப்ரெட்டில் வாசித்தாலும், மற்றதைவிடக் கனமாக வந்தால் கதை வேறு. தந்திகள் ஏறி நிற்கும் சேடில் கட்டைக்குக் கீழே உள்ள பிக்கப்பில் அழுத்தம் சமமாக இல்லை. இதை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். கட்டை ஒரு பக்கம் குறைந்தால் பழையபடி வராது. கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கிட்டாருக்கு முன்னால் மைக் வைத்து வாசிக்கிறவர்களுக்கு: மைக் வாய்க்கு நேராக இருந்தால் குமுறத்தான் செய்யும். பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் திருப்பி ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

### ஹெட்போனில் சரி, பாக்ஸில் துள்ளினால் அறை

மொட்டை மாடி அறையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து 570-ஐ ஒவ்வொரு எண்ணாலும் வகுங்கள். வரும் விடையிலும் அதன் இரண்டு மடங்கிலும் அந்த அறை குமுறும். 10 அடிக்கு 57, 114 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 47 அல்லது 48, 95. கிட்டாரின் ஜி 98, ஏ 110. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஜி, ஏ கார்டுகள் மட்டும் ஏன் பொம்மென்று நிற்கின்றன என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. கூரையும் பத்தடி உயரம் என்றால் அகலமும் உயரமும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாக்ஸை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். செய்ய வேண்டியவற்றில் முதலானது அதுதான். தரை, இரண்டு சுவர் மூன்றும் சேரும் இடத்தில் பேஸ் எப்போதும் கூடும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, ஸ்டாண்டிலோ கனமான ஸ்டூலிலோ காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அறையின் நீளத்தில் சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தையும் சுவரோரத்திலிருந்து மாற்றுங்கள்.

முட்டைத் தட்டு ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒட்டிப் பயன் இல்லை. கோரைப்பாயும் திரைச்சீலையும் கைதட்டலின் எதிரொலியைக் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. மெல்லிய எதுவும் பேஸைப் பிடிக்காது. வீட்டில் இரண்டு மூன்று இலவம்பஞ்சு மெத்தை சும்மா கிடந்தால் சுருட்டி மூலைகளில் நிறுத்திப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் அடங்கும். 57-ஐ அது தொடாது. அதற்கு இடம் மாற்றுவதும் டிராக்கில் அந்த இடத்தை வெட்டுவதும்தான் வழி.

## கையை எடுத்ததும் ‘ஊ’ என்று தானாக ஏறுகிறது

இது தாழ்ந்த சுரத்தில் வரும் ஃபீட்பேக். பாக்ஸ் சத்தம் கிட்டார் உடம்பை அதிரவைத்து, அது மறுபடி பாக்ஸுக்குப் போகிறது. மானிட்டர் (மேடையில் உங்களைப் பார்த்து வைத்த பாக்ஸ்) முன்னால் இருந்து ஒரு அடி பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். ஃபேஸ் பட்டன், ரப்பர் மூடி, லோ கட் மூன்றும் மேலே சொன்னபடியே. மிக்சரில் கிராஃபிக் ஈக்யூ இருந்தால் 100, 125, 160, 200 இந்த நாலில் ஒன்றுதான் பெரும்பாலும் ஆள். ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துப் பலன் இல்லாததைத் திரும்ப ஏற்றிவிடுங்கள், நாலையும் சேர்த்து இறக்கினால் குரலும் மெலிந்துவிடும்.

## டிராக் மட்டும் குமுறுகிறது

பெரும்பாலும் போன். இசைச் செயலியில் ஒரு ஈக்வலைசர், போன் செட்டிங்கில் இன்னொன்று, சில போன்களில் டால்பி அட்மாஸ் என்று தனியாக ஒன்று. ஹெட்செட்டுக்காக என்றைக்கோ போட்ட பேஸ் பூஸ்ட் அப்படியே கிடக்கும். எல்லாவற்றையும் அணையுங்கள்.

அப்புறம் பாக்ஸின் பின்பக்கம். பல பவர்ட் பாக்ஸ்களில் (ஆம்ப் உள்ளேயே இருப்பவை) டிஜே, மியூசிக், லைவ், ஸ்பீச் என்று மோடு இருக்கும். டிஜேயில் பேஸ் தூக்கலாக இருக்கும், அதை விட்டு ஃபிளாட் அல்லது லைவுக்கு வாருங்கள்.

டிராலி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் ஒரே பேஸ் நாப் புளூடூத் டிராக்குக்கும் கிட்டாருக்கும் சேர்த்தே வேலை செய்யும். அதில் கிட்டாரின் பேஸைப் பாக்ஸில் குறைக்காதீர்கள், கிட்டார் பிரீஆம்பிலேயே குறையுங்கள். டிராக்கின் பேஸைப் போன் ஈக்வலைசரில் குறையுங்கள். பாக்ஸ் நாப் நடுவிலேயே இருக்கட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, குறிப்பிட்ட சில பாட்டுகள் மட்டும் குமுறுகின்றன என்றால் அந்த டிராக்கே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் ஏதாவது ஒரு இலவச ஆடியோ எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் 100-க்குக் கீழே 3 டெசிபல் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்போதே மற்ற பாட்டுகளின் சத்தத்தோடு ஒப்பிட்டுச் சமமாக்கிவிடுங்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு ஃபேடரைத் தேடும் வேலை மிச்சம்.

## டிராக்கில் பேஸ் காணோம். ஏற்றினால் கிட்டார் குமுறுகிறது

பலரைச் சுற்றலில் விடும் குறை இது. டிராக் சப்பென்று ஓடுகிறது. பேஸ், கிக் இரண்டும் எங்கோ தூரத்தில். சரி என்று மாஸ்டரில் பேஸை ஏற்றுகிறார்கள். டிராக்கில் ஒன்றும் மாறவில்லை, கிட்டாரும் குரலும் மட்டும் பொம்மென்று வீங்குகின்றன.

ஒயரைப் பாருங்கள். போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரே ஒரு பெரிய ஸ்டீரியோ ஜாக்கில் முடிந்து, அது மிக்சரின் ஒற்றை மோனோ சேனலுக்குள் போகிறதா? ஜாக்கின் முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது ஸ்டீரியோ. மோனோ சேனலின் பேலன்ஸ்டு இன்புட் இடது வலது இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக உள்ளவை, அதாவது பேஸ், கிக், இருந்தால் நடுக்குரல், எல்லாம் காணாமல் போகும். மிஞ்சுவது எக்கோவும் ஓரத்து வாத்தியங்களும்தான்.

சோதனை: முழுப் பாட்டு ஒன்றை, பாடகர் குரலோடு, அதே ஒயரில் ஓடவிடுங்கள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் உறுதி. ஒரு பக்கம் போனுக்கான சின்ன ஜாக், மறுபக்கம் இரண்டு தனி மோனோ ஜாக் உள்ள ஒயர் வாங்கி இரண்டு சேனலில் கொடுங்கள், பேன் நாபில் ஒன்றை இடமும் மற்றதை வலமும் திருப்புங்கள். மாஸ்டர் பேஸை நடுவுக்குக் கொண்டுவந்ததும் கிட்டார் குமுறலும் சேர்ந்தே போய்விடும்.

ஒயர் சரியாக இருந்தும் மண்டபத்தின் நடுவில் பேஸ் இல்லை, ஒரு பாக்ஸ் பக்கத்தில் போனால் மட்டும் இருக்கிறது என்றால் இரண்டு பாக்ஸில் ஒன்றுக்கு ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒரு பாக்ஸின் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றை நிறுத்தியதும் பேஸ் கூடினால் அதுதான். மாற்றிக் கொடுப்பது சவுண்டுக்காரரின் வேலை, அவரிடம் சொல்லுங்கள்.

## வீட்டில் சரி, மண்டபத்தில் குமுறல்

நம் கல்யாண மண்டபங்கள் பேச்சுக்கும் பாட்டுக்கும் கட்டப்பட்டவை இல்லை. தரை கிரானைட் அல்லது டைல்ஸ், சுவர் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். மேடை மூன்று பக்கமும் அடைத்த பெட்டி மாதிரி இருக்கும், அதன் இரண்டு மூலையிலும் பாக்ஸை நிறுத்துவார்கள். குமுறுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

காசில்லாத வழிகள்: பாக்ஸை மேடை மூலையிலிருந்து முன்னால் இழுக்கச் சொல்லுங்கள், மேடை விளிம்பைத் தாண்டி இருந்தால் நல்லது. ரிவர்பை முழுக்க அணையுங்கள், மண்டபமே வேண்டிய அளவு கொடுக்கும். மொத்தச் சத்தத்தைக் குறையுங்கள். சத்தம் ஏற ஏறப் பேஸ் காதுக்கு மற்றதைவிட வேகமாக ஏறும். வீட்டில் மெதுவாகக் கேட்டு ரசித்த அதே செட்டிங் மண்டபத்தில் குமுறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேஸ் பாக்ஸ் இரண்டும் இடமும் வலமும் பிரிந்து நின்றால் மண்டபத்தின் நடுக்கோட்டில் பேஸ் குவியும், ஓரங்களில் ஓட்டை விழும். இரண்டையும் ஒரே பக்கம் ஒட்டி வைத்தால் பரவலாக இருக்கும். போட்டோக்காரர்கள் வழியை அடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதியில் நகர்த்திவிடுவார்கள்.

காலி மண்டபத்தில் மாலை நாலு மணிக்குச் சவுண்ட் பார்க்கும்போது பேஸ் ‘சரியாக’ இருந்தால் அது கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம். கூட்டம் நிறைந்ததும் ஆட்களும் பட்டுப் புடவையும் மேல் சத்தத்தைத்தான் குடிப்பார்கள், பேஸ் அப்படியே இருக்கும். ஒரு துளி குறைவாகவே விட்டுவாருங்கள். சவுண்டுக்காரர் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அவருக்கு மற்றவர்களைவிடப் பேஸ் கூடுதலாகக் கேட்கும், ஒருமுறை நடுவில் எழுந்து வந்து கேட்கச் சொல்லுங்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திறந்தவெளியில் சாமியானா போட்டு நடக்கும் விழாக்களில் நிலைமை தலைகீழ். சுவர் இல்லாததால் பேஸ் பரவிப் போய்விடும், அங்கே கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் இரவில் அடுத்த தெரு வரை போவது பேஸ் மட்டும்தான். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது. அதற்கு முன்பும் வீடுகளில் கைக்குழந்தையும் வயசானவர்களும் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்து ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்து, ஒரே மண்டபத்தில் தொடர்ந்து வாசிக்கிறவர் நீங்கள் என்றால், அளந்து ஈக்யூ போடத் தெரிந்த சவுண்ட் எஞ்சினியரை ஒருமுறை கூப்பிடுவது பலன் தரும். எங்கோ ஒருமுறை போகும் மண்டபத்துக்கு அது வீண் செலவு.

## கீழே சரி, மேடையில் மட்டும் குமுறல்

பீப்பாய் மேல் பலகை அடுக்கிய மேடையா? பலகைக்குக் கீழே உள்ள வெற்றிடம் கிட்டார் ஆம்பின் பேஸை அப்படியே வாங்கி முழங்கும். ஆம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிச் சாய்த்து, உங்கள் காதைப் பார்த்து வையுங்கள். நாற்காலி ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

மானிட்டரில் டிராக்கை முழுசாகக் கேட்பதும் ஒரு காரணம். வெளிப் பாக்ஸின் பேஸ் எப்படியும் பின்னால் மேடைக்கு வந்துவிடும். மானிட்டர் ஈக்யூவில் 125-க்குக் கீழே எல்லாவற்றையும் இறக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தாளமும் குரலும் கேட்டால் போதும்.

## வாசிக்காதபோதும் ‘ம்ம்ம்’

இதை ஈக்யூவில் வெட்டித் தீர்க்க நினைக்காதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள், நின்றால் அதுதான். பேட்டரியில் ஓட்டுங்கள் அல்லது லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே ஐசொலேஷன் உள்ள டி.ஐ. பாக்ஸ் (இரண்டின் கிரவுண்ட் இணைப்பைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) போட்டு கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். கிட்டார் ஒயரை மாற்றிப் பாருங்கள். மிக்சர், ஆம்ப், லேப்டாப் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள், சீரியல் செட் விளக்குகள் ஓடும் லைனில் மாட்டாதீர்கள்.

எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தந்தியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்றால் அந்த நிமிடமே கிட்டாரைக் கழற்றி வையுங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்க்கும் வரை, மண்டபமானாலும் ஜெனரேட்டரானாலும், வாசிக்க வேண்டாம். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

## பேஸ் வரும்போது கரகர, தடதட

முதலில் பாக்ஸைச் சந்தேகிக்காதீர்கள். ஜன்னல் கண்ணாடி, தகரக் கூரை, மேடைக்குப் பின்னால் தொங்கும் அலங்காரத் தட்டி, கிட்டாருக்குள் தளர்ந்து கிடக்கும் பேட்டரி ஒயர் இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பாருங்கள். பாக்ஸின் முன்வலை ஸ்க்ரூவையும் கைப்பிடி ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். கிட்டார் பிரீஆம்பின் 9 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் அழுத்தி வாசிக்கும்போது கரகரக்கும், புதுசு போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் இருந்தால் பாக்ஸை அணைத்து, முன்வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஸ்பீக்கர் கோனில் நடுவுக்கு இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக, மிக மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் போய்விட்டது. ஓரத்தில் கிழிசல் தெரிந்தால் அதுவும் கடைக்குத்தான். ஓரக் கிழிசலை ஃபெவிகால் தடவி ஒட்டினால் அது விறைத்து மறுபடி கிழியும். ரீகோன் (கோனையும் காயிலையும் மாற்றுவது) செய்ய ஆகும் செலவையும் புது ஸ்பீக்கர் விலையையும் கடையில் கேட்டு ஒப்பிடுங்கள்.

கடைக்கோ சவுண்ட் எஞ்சினியரிடமோ போகும்போது, எந்தச் சுரத்தில் வருகிறது, ஹெட்போனில் வருகிறதா, பாக்ஸை நகர்த்தினால் மாறுகிறதா என்ற மூன்று பதிலையும், மிக்சர் நாப்கள் இருந்த நிலையைப் போனில் எடுத்த படத்தையும் கொண்டு போங்கள். "ஒரே பேஸா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி.